புயலுக்கு அப்புறம் லிஸ்ட் எழுதுறது யாரு?

ஐப்பசி பொறந்தா போதும், பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் எங்க ஆளுங்க இருக்குற எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் வானிலை மேப்தான் ஓடும். வங்கக்கடல்ல ஒரு சின்ன சுழல் தெரிஞ்சாலே ஆளாளுக்கு ஸ்க்ரீன்ஷாட் போட்டு எங்க கரையேறும், எப்ப ஏறும், காத்து எவ்வளவு அடிக்கும்னு பேச ஆரம்பிச்சிடுவாங்க. பள்ளிக்கூடம் போகாத பெரியவங்க கூட அமெரிக்க மாடல் இப்படி சொல்லுது, ஐரோப்பா மாடல் அப்படி சொல்லுதுங்குறாங்க. நல்ல விஷயம்தான். தண்ணி பிடிச்சு வைக்கிறது, ஆடு மாட்ட கட்டுல இருந்து அவுத்து விடுறது, குடிசையில இருக்குறவங்க பொழுது சாயறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் போயிடுறது, இதெல்லாம் இப்ப யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

ஆனா புயல் போன மறுநாள்ல இருந்து அடுத்த அஞ்சாறு வருஷத்துக்கு ஊரு எப்படி எந்திரிக்கும்ங்குற பேச்சு மட்டும் எந்த குரூப்லயும் வரமாட்டேங்குது. கிராம சபையிலயும் வரமாட்டேங்குது. அதப்பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இப்பதான் உக்காந்திருக்கேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியக்காலையில நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சு. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைன்னு நாலு மாவட்டத்தையும் போட்டு மிதிச்சிட்டுதான் போச்சு. வேதாரண்யத்துல உப்பளம் போச்சு, மாமரம் போச்சு, கோடியக்கரை காடு மொட்டையா நின்னுச்சு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு கருகிப்போச்சு, ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தாத்தா வச்ச பலாமரமெல்லாம் வேரோட சாஞ்சிச்சு. லட்சத்துக்கும் மேல மின்கம்பம் விழுந்துச்சு, கேரளா, ஆந்திரா, கர்நாடகாவுல இருந்தெல்லாம் மின்வாரிய ஆளுங்க வந்து வேல பாத்தாங்க, ராத்திரி பகல்னு பாக்காம சகதியில நின்னு கம்பம் நட்டவங்கள எங்க பக்கம் யாரும் மறக்கமாட்டாங்க. கரண்ட் இல்லாததால மோட்டார் ஓடல, மோட்டார் ஓடாததால மேல்நிலைத் தொட்டியில தண்ணி இல்ல, ஜெனரேட்டர வண்டியில ஏத்திக்கிட்டு ஊரு ஊரா போய் தொட்டிய நிரப்புனாங்க.

முன்னெச்சரிக்கை நல்லா வேல செஞ்சுதுன்னு எல்லாரும் பாராட்டுனாங்க, அது உண்மைதான். 80,000 பேருக்கு மேல முன்கூட்டியே முகாமுக்கு கூட்டிட்டுப் போனாங்க, அப்படி செய்யலன்னா சாவு எங்கயோ போயிருக்கும். உயிர காப்பாத்துறதுக்கு ஒரு திட்டம் இருந்துச்சு, யாரு எப்ப என்ன செய்யணும்னு எழுதி வச்சிருந்தாங்க, அது நடந்துச்சு. பொழப்ப காப்பாத்துறதுக்கு அப்படி எதுவும் எழுதி வைக்கல. நான் சொல்ல வர்றது மொத்தமும் இதுதான். ஒரு ஊரு எந்திரிக்கிறது எவ்வளவு பணம் வருதுங்குறதுல பாதிதான் இருக்கு, மீதிப்பாதி அந்தப் பணமும் பொருளும் எந்த லிஸ்ட்ட வச்சு பிரியுதுங்குறதுல இருக்கு. அந்த லிஸ்ட்ட புயல் அடிச்ச அடுத்த வாரம் அவசர அவசரமா எழுதுனா விட்டுப்போறது யாருன்னா எப்பவும் விட்டுப்போறவங்கதான்.

தென்னைய எடுத்துக்குவோம். எங்க பக்கம் தென்னைதான் எல்லாம். பொண்ணு கல்யாணமா, பையன் காலேஜ் ஃபீஸா, தேங்காய் வெட்டுக்கு வியாபாரிக்கிட்ட முன்பணம் வாங்கிட்டா முடிஞ்சிச்சு. கஜாவுல விழுந்த ஒரு மரத்துக்கு அரசாங்கம் 600 ரூபாய், அத வெட்டி அப்புறப்படுத்துறதுக்கு 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய்னு அறிவிச்சாங்க, ஒரு ஹெக்டேருக்கு 175 மரம்னு கணக்கு வச்சு 1,92,500 ரூபாய். சுமாரா காய்க்குற ஒரு மரத்தோட ஒரு வருஷத்து வருமானம்தான் அந்த 1,100. ஆனா நெட்டை ரகம் வச்சா காய்ப்புக்கு வர ஆறு ஏழு வருஷம் ஆகும், முழு காய்ப்புக்கு இன்னும் மேல. இந்தக் கணக்குல எனக்கு வருத்தம் உண்டு, இருந்தாலும் அத விட்டுடுறேன், அரசாங்கத்துக்கும் கை முட்டு இருக்கும். எனக்கு பொறுக்கமுடியாதது அந்தப் பணம் யாருக்குப் போச்சுங்குறதுதான்.

கணக்கெடுக்க வந்தவங்க சிட்டா அடங்கல், அதாவது நிலம் யார் பேர்ல இருக்கு, அதுல என்ன சாகுபடின்னு காட்டுற பேப்பர், எங்கன்னுதான் கேட்டாங்க. வேற என்ன கேப்பாங்க, அவங்க கையில இருந்த ஒரே ஆதாரம் அதுதான். எங்க தெருவுல பாதி வீட்டுக்கு சிட்டா செத்துப்போன தாத்தா பேர்லயோ பெரியப்பா பேர்லயோதான் இருந்துச்சு, வாய்வழியா பாகம் பிரிச்சு தலைமுறையா சாகுபடி பண்றவங்க. பக்கத்து தோப்பு மாமா ஒருத்தர் நாலு அண்ணன் தம்பில ஒருத்தர், நிலம் இன்னும் அவங்க அப்பா பேர்ல, மத்த மூணு பேரும் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர்னு ஆளுக்கொரு பக்கம். விழுந்த மரத்துக்கு மேல உக்காந்துகிட்டு வாரிசு சான்றிதழுக்கு அலையணும்னா எப்படி இருக்கும், தாலுகா ஆபீஸ்லயே கரண்ட் இல்ல, ஜெராக்ஸ் கடை தொறக்கல. அவருக்கு கடைசியில பணம் வந்துச்சு, ஆனா வந்தப்ப மரம் வெட்டுற கூலிக்கு வட்டிக்கு வாங்குன கடன அடைக்கத்தான் சரியா இருந்துச்சு. இது சாதாரண நாள்ல பட்டா மாறுதல் முகாம் போட்டா ஒரு மாசத்துல முடியற வேல. புயலுக்கு முன்னாடி செஞ்சா அது வெறும் ஆபீஸ் வேல, புயலுக்கு அப்புறம் செஞ்சா அது ஒரு குடும்பத்தோட தலையெழுத்து.

குத்தகைக்கு தோப்பு எடுத்தவங்க கதை இன்னும் மோசம். மரம் வச்சவரு வேற ஊர்ல இருப்பாரு, தண்ணி பாய்ச்சி உரம் போட்டு காய் பறிச்சு ரெண்டு வருஷத்துக்கு முன்பணமும் குடுத்தவரு இங்க இருப்பாரு. எழுத்துல ஒண்ணும் கிடையாது. இழப்பீடு யாருக்குப் போகும்? நல்ல மனசுள்ள சில பேரு பாதிய குடுத்தாங்க, அவங்கள நானே பாத்திருக்கேன். குடுக்காதவங்கள கேக்க வழியில்ல.

நிலமே இல்லாம தென்னைய நம்பி இருந்தவங்கள எந்த லிஸ்ட்லயும் தேடினாலும் கிடைக்கமாட்டாங்க. மரம் ஏறுறவங்க, காய் உரிக்கிறவங்க, நார் மில்லுல வேல பாக்குறவங்க, கயிறு திரிக்கிறவங்க, லோடு ஏத்துறவங்க. எங்க சித்தி ஒருத்தங்க கீத்து முடைஞ்சே ரெண்டு பிள்ளைங்கள வளத்தாங்க. சித்தப்பா இல்ல. விடியறதுக்கு முன்னாடி தோப்புல விழுந்து கிடக்குற பச்ச மட்டைய இழுத்துட்டு வந்து, ரெண்டா பொளந்து, குட்டையில ஊறப்போட்டு, ஊறுனத எடுத்து திண்ணையில உக்காந்து ஓலைய ஒண்ணு மேல ஒண்ணா மாத்தி மாத்தி பின்னுவாங்க, பேசிக்கிட்டே இருப்பாங்க, கை தன்னால போகும். கஜா அடிச்ச முதல் ரெண்டு மூணு மாசம் அவங்களுக்கு வேல தலைக்கு மேல இருந்துச்சு, ஏன்னா ஊரு பூரா மட்டை, ஊரு பூரா கூரை போன வீடு, கீத்துக்கு அடிச்சுப் புடிச்சாங்க. அத பாத்துட்டு இவங்களுக்கென்ன குறைன்னு சொன்னவங்களும் உண்டு. அப்புறம் மட்டை எல்லாம் காஞ்சுபோச்சு. நிக்கிற மரம் கொஞ்சம், அதுலயும் குருத்து முறிஞ்சது பாதி. தைக்குப் பின்னாடி முடையறதுக்கு ஒண்ணுமில்ல. சித்தி திருப்பூர் போயி பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுற வேலைக்கு சேந்தாங்க. அம்பது வயசுக்கு மேல. அவங்க இழந்தது அவங்களுக்குச் சொந்தமில்லாத நூறு இருநூறு மரம், அதுக்கு எந்த ஃபார்ம்லயும் ஒரு கட்டம் கிடையாது.

அதனாலதான் சொல்றேன், நிலத்த வச்சு எழுதுற லிஸ்ட் மட்டும் போதாது, பொழப்ப வச்சு எழுதுற லிஸ்ட் ஒண்ணு வேணும். இந்த ஊர்ல கீத்து முடையிறவங்க யார் யாரு, மரம் ஏறுறவங்க யார் யாரு, குத்தகைக்காரங்க யாரு, புறம்போக்குல வீடு கட்டி இருக்குறவங்க யாரு, ஒரே ரேஷன் கார்டுல ரெண்டு குடும்பமா இருக்குறவங்க யாரு, புருஷன விட்டு பிரிஞ்சு வந்து அப்பா வீட்டுல இருக்குற பொண்ணுங்க யாரு. ஊர்ல எல்லாருக்கும் இது தெரியும். பேப்பர்ல இல்ல, அவ்வளவுதான்.

இது கஜாவோட மட்டும் நடந்த விஷயமில்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில நாகை மாவட்டத்துல மட்டும் 6,065 பேர் செத்தாங்க. அப்ப மீனவ கிராமங்கள்ல வந்த நிவாரணத்த ஊர் பஞ்சாயத்துதான் பிரிச்சுக் குடுத்துச்சு, நாட்டார்ங்கற ஊர்த் தலைவருங்க வரிக்கணக்கு வச்சிருப்பாங்க, ஊருக்கு வரி கட்டுற குடும்பம் ஒவ்வொண்ணுக்கும் சமபங்கு. இதுல ஒரு பெரிய நல்லது இருந்துச்சு, யாருக்கு எவ்வளவு போச்சுன்னு வம்பு வழக்கு இல்லாம ஊரு ஒத்துமையா இருந்துச்சு, வெளியாளுங்க புகுந்து பிரிச்சிருந்தா ஊரே ரெண்டாயிருக்கும். ஆனா பல ஊர்ல வரிங்குறது ஆம்பளைய வச்சு போடுறது, விதவைங்களும் தனியா இருக்குற பொம்பளைங்களும் முழுப்பங்குக்கு வரமாட்டாங்க. மீன் தலைச்சுமையா கொண்டுபோய் வித்து பொழைச்ச அவங்களுக்கும் கடல்தான் சோறு போட்டுச்சு. அதே மாதிரி பக்கத்துலயே குடியிருந்து, கருவாடு காய வைக்கிறது, ஐஸ் உடைக்கிறது, வயல் வேலன்னு இருந்த தலித் குடும்பங்களுக்கும் இருளர் குடும்பங்களுக்கும் வரிக்கணக்குல இடமே கிடையாது. நிவாரணம் கரையோட நின்னுபோச்சு. அப்பவே பல அமைப்புங்க இத எடுத்துச் சொன்னாங்க, சில ஊர்ல சரியும் பண்ணாங்க. வரிக்கணக்க யாரும் குத்தம் சொல்லமுடியாது, அது ஊர் திருவிழாவுக்கும் பொதுச் செலவுக்கும் எழுதுனது, பேரிடருக்குன்னு எழுதுனதே இல்ல. பேரிடருக்குன்னு ஒண்ண யாரும் எழுதி வைக்காததால கையில இருந்தத எடுத்தாங்க.

சுனாமி வீட்டுத்திட்டத்துல ஒரு விஷயம் மட்டும் எனக்கு ரொம்பப் புடிச்சது. புது வீட்ட புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் சேத்து எழுதணும்னு 2005ல அரசாணையிலயே வச்சாங்க. ஒரே ஒரு வரி, ஆனா அந்த வரி பல பொம்பளைங்களுக்கு வாழ்நாள்ல முதல் தடவையா பேருல ஒரு சொத்த குடுத்துச்சு. லிஸ்ட்ல யார் பேர எழுதறோம்ங்குறது எவ்வளவு தூரம் போகும்னு இதவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியல.

நாகை கத்துக்கொடுத்த இன்னொண்ணு, உதவி வர்றது அதிகமானாலும் கஷ்டம்தான். வந்த அமைப்பெல்லாம் படகு படகுன்னு ஃபைபர் படகாவே குடுத்தாங்க, போட்டோவுக்கும் நல்லாயிருக்கும், குடுத்தவங்களுக்கும் திருப்தி. சுனாமிக்கு முன்னாடி இருந்ததவிட போட் அதிகமாயிடுச்சு, கூலிக்கு படகுல போன ஆளெல்லாம் ஓனராயிட்டா ஆள் எங்க கிடைக்கும், மீன் எங்க கிடைக்கும். பழைய துணி ரோட்டோரமா மலை மாதிரி கிடந்துச்சு, மழையில ஊறி நாறுச்சு, அத அள்ளிப்போடுறதுக்கு துப்புரவுத் தொழிலாளிங்க தனியா கஷ்டப்பட்டாங்க. இந்தக் குழப்பத்துக்கு நடுவுலதான் நாகப்பட்டினத்துல தொண்டு நிறுவனங்க எல்லாம் சேந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் ஆரம்பிச்சாங்க, கலெக்டர் ஆபீஸும் கூட நின்னுச்சு. எந்த ஊருக்கு என்ன வந்திருக்கு, எந்த ஊருக்கு ஒண்ணுமே போகல, யாரு எங்க வேல பாக்குறாங்கன்னு ஒரே இடத்துல தகவல் கிடைச்சுது. சுனாமியில நல்லா நடந்ததுன்னு நாட்டுல பல இடத்துல எடுத்துக்காட்டா சொல்றது இதத்தான்.

அதே டெல்டாவுல கஜா அடிச்சப்ப, 14 வருஷம் கழிச்சு, என்ன நடந்துச்சு? திருச்சி, மதுரை, கோயம்புத்தூர்னு எங்கெங்கயோ இருந்து பசங்க லாரி லாரியா பொருள் கொண்டாந்தாங்க, அவங்க மனசு தங்கம். மெயின் ரோட்டுல இருந்த ஊர்க்காரங்க வண்டிய நிறுத்துனாங்க, அவங்களுக்கும் இல்லாமதான நிறுத்துறாங்க, அங்கயே எல்லாம் எறங்கிடுச்சு. ரோட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ள இருந்த கிராமத்துக்கு மரம் கிடந்து வழியில்ல, வண்டி வரல. ஒரே வீட்டுல நாலு போர்வையும், இன்னொரு வீட்டுல கொசுவத்தி கூட இல்லாமயும் இருந்துச்சு. 2005ல கத்துக்கிட்டத எழுதி வச்சு, ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பொருள் எறக்குற இடம் இது, பொறுப்பு இவரு, உள்ளூர் டிராக்டர் இந்தந்த வீட்டுல இருக்குன்னு இருந்திருந்தா அந்த முதல் பத்து நாளு அப்படி போயிருக்காது.

இன்னொரு சங்கதி, வெளியூர்க்காரங்களுக்குப் புரியாதது. விழுந்த தென்னை மரம் சும்மா கிடக்காது. வேரோட சாஞ்ச மரத்த பாத்திருக்கீங்களா, அடியில வேரும் மண்ணும் சேந்து ஒரு ஆள் உசரத்துக்கு வட்டமா எந்திரிச்சு நிக்கும், அந்த இடத்துல பெரிய பள்ளம், பள்ளத்துல தண்ணி. ஒரு மரத்த அறுத்து, துண்டு போட்டு, அடிக்கட்டைய பேத்தெடுத்து, வெளிய இழுத்து விடுறதுக்கு மெஷின் ரம்பமும் வேணும், ஜேசிபியும் வேணும். அந்த நேரத்துல ரெண்டுக்கும் சொன்னதுதான் வாடகை. 500 ரூபாய்ல ஆகுற வேலயா அது? செங்கல் சூளைக்காரங்களுக்கு அடிமாட்டு விலைக்கு குடுத்தவங்க பாதி, முடியாம அப்படியே போட்டவங்க பாதி. போட்ட மரம் மழையில மக்க ஆரம்பிச்சதும் காண்டாமிருக வண்டுக்கு கொண்டாட்டம், மக்குன தண்டுலதான் அது முட்டை வச்சு பெருகும். அடுத்த வருஷம் கடன ஒடன வாங்கி வச்ச கன்னுல குருத்த குடைஞ்சு, விரியுற மட்டையெல்லாம் கத்திரிக்கோல் போட்ட விசிறி மாதிரி வந்துச்சு. மண்பானையில ஆமணக்குப் புண்ணாக்கு கரைச்சு தோப்புக்குள்ள புதைச்சு வச்சு வண்ட புடிச்சோம், அது ஒரு நல்ல வழிதான், ஆனா பத்து தோப்புக்காரங்க வச்சு பதினோராவது தோப்புல மரம் மக்கிக் கிடந்தா என்ன பிரயோஜனம். மரத்த அப்புறப்படுத்துறத தனித்தனி விவசாயி தலையில கட்டாம, ஊரா சேந்து, மெஷின் ரம்பத்த கூட்டுறவு சங்கமோ பஞ்சாயத்தோ முன்னாடியே வாங்கி வச்சு, 100 நாள் வேல ஆளுங்களுக்கு கூலி குடுத்து ஒரே மூச்சுல முடிச்சிருந்தா வண்டும் வந்திருக்காது, அந்த மாசம் வேல இல்லாம நின்ன ஜனத்துக்கு கூலியும் கிடைச்சிருக்கும். சித்தி மாதிரி ஆளுங்களுக்கு முதல் ஆறு மாசம் ஓடியிருக்கும்.

கன்னு விஷயமும் இதே கதைதான். ஒரே நேரத்துல நாலு மாவட்டத்துக்கும் கன்னு வேணும்னா எங்க போறது? வேப்பங்குளத்துல தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, நல்ல கன்னு குடுப்பாங்க, ஆனா ஒரு நிலையம் எத்தன பேருக்குக் குடுக்கும். நெத்து தேர்ந்தெடுத்து, பாத்தியில ஊணி, முளைச்சு, நடுற பதத்துக்கு வர்றதுக்கே ஒரு வருஷம் வேணும். அதனால எங்கெங்கயோ இருந்து வேன்ல கொண்டாந்து ரோட்டோரம் வச்சு வித்தத வாங்குனாங்க, தாய்மரம் எதுன்னு யாருக்குத் தெரியும். தென்னைக்கு தப்பான கன்னு வச்சிட்டா அது ஆறேழு வருஷம் கழிச்சுதான் தெரியும், அப்ப யாரைப் போய் கேக்குறது. ஒவ்வொரு ஊர்லயும் நல்ல தாய்மரம் எதுன்னு இப்பவே அடையாளம் போட்டு, ரெண்டு மூணு மகளிர் குழுகிட்ட சின்னச் சின்ன நாத்தங்கால் நடத்தச் சொன்னா, புயல் வராத வருஷத்துலயும் அது வியாபாரம்தான்.

இன்சூரன்ஸ் பத்தி எழுதாம விடமுடியல. தென்னை வளர்ச்சி வாரியத்துல தென்னை மர காப்பீடு இருந்துச்சு. 16 வயசுல இருந்து 60 வயசு வரைக்கும் உள்ள மரத்துக்கு வருஷ பிரீமியம் 14 ரூபாய், அதுல பாதிய வாரியம் கட்டும், கால்வாசிய மாநில அரசு கட்டும், விவசாயி கட்டுறது மூணரை ரூபாய். மரம் போனா 1,750 ரூபாய். நூறு மரம் வச்சிருக்குறவரு வருஷத்துக்கு 350 ரூபாய் கட்டியிருந்தா போதும். எங்க பக்கம் நான் கேட்ட யாருமே கட்டல, பாதிப்பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியல. விவசாயிங்க அலட்சியம்னு டக்குனு சொல்லிடுறாங்க, எனக்கு அது சரியா படல. அப்பெல்லாம் நெல்லுக்கு கூட்டுறவு சொசைட்டியில கடன் வாங்கும்போதே பிரீமியத்த புடிச்சிடுவாங்க, அதனால நெல்லுக்கு காப்பீடு ஓடுச்சு. தென்னைக்கு ஆளத் தேடிப்போய் ஃபார்ம் நிரப்பித் தர ஒரு ஆள் இல்ல.

கடன் இன்னொரு பக்கம். குழுக்கடன் வாங்கியிருந்த பொம்பளைங்ககிட்ட, வீட்டுக்கூரை தார்ப்பாய்ல நிக்கும்போதே வாரத்தவணைக்கு ஆள் வந்து உக்காந்தாங்க. ஒரு கம்பெனி ஆளு சாயந்திரம் விளக்கு வைக்கிற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருந்தத நானே பாத்தேன், அந்த அக்கா கடைசியில காதுல கிடந்தத கழட்டி பக்கத்து வீட்டுல அடகு வச்சுக் கட்டுனாங்க. பேரிடர்னு அறிவிச்ச நிமிஷத்துல இருந்து இத்தன மாசத்துக்கு எந்தத் தவணையும் வசூல் பண்ணக்கூடாதுன்னு தானா அமலுக்கு வர்ற மாதிரி விதி முன்னாடியே இருக்கணும். ஒவ்வொரு தடவையும் பொம்பளைங்க ரோட்ட மறிச்சு உக்காந்து கேட்டு வாங்குற விஷயமா இது இருக்கக்கூடாது.

ஜப்பான்ல நடந்த ஒண்ண சொல்லணும். 1995 ஜனவரி 17ல கோபே பூகம்பம், 6,400 பேருக்கு மேல போனாங்க. தற்காலிக வீட்ட வயசானவங்களுக்கும் முடியாதவங்களுக்கும் முன்னுரிமை குடுத்து குலுக்கல்ல ஒதுக்குனாங்க, பாத்தா நியாயமாத்தான் தெரியுது. ஆனா பக்கத்துவீடு, தெரு, பழகுன ஜனம் எல்லாம் செதறிப்போச்சு, தெரியாத ஆளுங்க நடுவுல தனியா கிடந்து, செத்து பல நாள் கழிச்சு கண்டுபுடிச்ச கிழவங்க கிழவிங்க நிறைய. அந்த வலிய அவங்க மறக்கல. 2004ல நீகாடா பக்கம் சூயெட்சு பூகம்பத்துல யமகோஷிங்குற மலைக் கிராமத்தையே காலி பண்ண வேண்டி வந்தப்ப, நாகஓகா நகரத்துல தற்காலிக வீட்ட குக்கிராமம் குக்கிராமமா, அக்கம்பக்கம் கலையாம சேத்தே குடுத்தாங்க. நம்ம சுனாமி குடியிருப்புல பல இடத்துல கடலுக்குப் போறவங்கள கரையில இருந்து தள்ளி, தெரு பிரிச்சு, வீட்டு நம்பர குலுக்கிப் போட்டு குடுத்தாங்க. வல எங்க காயப்போடுறது, படக யாரு பாத்துக்குறதுன்னு அவங்க தவிச்சது அந்த நாகைக்காரங்களக் கேட்டாத் தெரியும்.

பணம் இல்ல, அதனாலதான் இப்படின்னு சொல்லலாம். கஜாவுக்கு மாநில அரசு மத்திய அரசுகிட்ட கேட்டது கிட்டத்தட்ட 15,000 கோடி, ஒப்புதலாகி வந்தது 1,146 கோடி. பத்துல ஒரு பங்கு கூட இல்ல, அதுக்கு கோபப்பட எங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா ஒரு மாற்றமும் வந்திருக்கு. 2021ல இருந்து 2026 வரைக்கும் மத்திய, மாநில நிதிப் பங்கீட்ட பரிந்துரைச்ச 15வது நிதிக்குழு, மாநில பேரிடர் நிதிய பிரிக்கும்போது உடனடி நிவாரணத்துக்கு 40 சதவீதம், மீட்பு, மறுகட்டுமானத்துக்கு 30 சதவீதம், தயார்நிலைக்கு 10 சதவீதம், பாதிப்ப முன்கூட்டியே குறைக்கிற தணிப்பு வேலைக்கு 20 சதவீதம்னு தனித்தனியா பிரிச்சு வச்சுச்சு. முன்னாடி எல்லாம் மறுகட்டுமானத்துக்குன்னு தனியா ஒரு கணக்கே இல்ல. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருக்கணும், இருக்கு, நெட்டுல கிடைக்குது, நான் எங்க மாவட்டத்தோடத முழுசா படிச்சேன். எந்த ஊரு தாழ்வான பகுதி, முகாம் எந்த பள்ளிக்கூடம், யாரு போன் நம்பர் எல்லாம் பக்கம் பக்கமா இருக்கு, ரொம்ப உபயோகமான வேல அது. புயல் போன ஆறாவது மாசம் கீத்து முடையிறவங்களுக்கு யாரு பொறுப்புன்னு தேடுனா கிடைக்கல.

மேல இருந்து வரட்டும்னு உக்காந்திருக்க எனக்கு இஷ்டமில்ல. தமிழ்நாட்டுல ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. அக்டோபர் 2 கூட்டம் வடகிழக்குப் பருவமழைக்கு சரியா முன்னாடி வர்றது, இதுக்குன்னே வச்ச மாதிரி. எங்க ஊர்ல நாங்க சில பேரு சேந்து, வீடு வீடா போயி பொழப்பு லிஸ்ட் எழுத ஆரம்பிச்சிருக்கோம். ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம். யாரு இருக்காங்க, என்ன வேல, நிலம் யார் பேர்ல, குத்தகையா, ரேஷன் கார்டு எத்தன குடும்பத்துக்கு, என்ன கடன், படுத்த படுக்கையா யாராவது இருக்காங்களா, ரம்பம், ஜெனரேட்டர், டிராக்டர், நீர்மோட்டார் எதாவது இருக்கா. ஆரம்பத்துல எதுக்கு கேக்குறீங்கன்னு சந்தேகமாத்தான் பாத்தாங்க, கஜா பேர சொன்னதும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு சொன்னாங்க. காலனித் தெருவ கடைசியா வச்சுக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அங்க இருந்துதான் முதல்ல ஆரம்பிச்சோம்.

அக்டோபர் 2 கூட்டத்துல இந்த லிஸ்ட்ட வாசிச்சு, விட்டுப்போனவங்க பேர அங்கயே சேத்து, தீர்மானமா பதிவு பண்ணி, ஒரு காப்பி விஏஓகிட்ட, ஒரு காப்பி பிடிஓ ஆபீஸ்ல, ஒரு காப்பி தாலுகாவுலன்னு குடுக்கப்போறோம். கூடவே பட்டா மாறுதல் முகாம் எங்க ஊர்லயே ஒண்ணு வேணும்னு தனியா ஒரு மனு. வாடகைக்கும் குத்தகைக்கும் ஒரு வெள்ளத்தாள்லயாவது ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு வச்சுக்கச் சொல்லி குத்தகைக்காரங்ககிட்டயும் தோப்புக்காரங்ககிட்டயும் பேசிக்கிட்டு இருக்கோம், அதுதான் எல்லாத்துலயும் கஷ்டமா இருக்கு, தோப்புக்காரங்க பயப்படுறாங்க, நிலம் போயிடும்னு. பேரிடர் இழப்பீட்டுக்கு மட்டும்னு அந்தத் தாள்லயே எழுதிக்கலாம்னு சொல்லியிருக்கோம், ரெண்டு பேரு ஒத்துக்கிட்டாங்க.

உங்க ஊர்லயும் இப்படி எழுதணும்னா நாங்க வச்சிருக்குற நோட்டுப் பக்கத்தோட மாதிரி இருக்கு, கீழ கேளுங்க, அனுப்புறேன். கடலோர ஊரா இருந்தா அதுல வல, படகு, மீன் விக்கப்போற பொம்பளைங்கன்னு கட்டம் மாத்திக்கணும், மலைப்பக்கம்னா வேற மாதிரி. யாராவது ஏற்கனவே இத செஞ்சிருந்தா எப்படி செஞ்சீங்கன்னு சொல்லுங்க, முக்கியமா வருஷா வருஷம் லிஸ்ட்ட புதுப்பிக்கிற பொறுப்ப யார்கிட்ட குடுத்தீங்கன்னு தெரிஞ்சுக்கணும், எங்களுக்கு இன்னும் அது மட்டும் முடிவாகல.